அக்கரையிலிருந்து வந்தவன்

ஆகாயத்தில் பறக்கிற மனிதனை மட்டாஞ்சேரியில் முதன்முதலாகத் தமிழ் பேச வைத்தவன் நான்தான். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. சொல்லக்கூடியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு என் மேல் பொறாமை. இடப்பள்ளியில் எனக்கு இருக்கிற நாலு மாடிக் கட்டிடத்தின் மேல்மாடியில் இப்போது சுவர் அகலத்துக்கு ஒரு டிவி மாட்டியிருக்கிறார்கள். அதில் வாரத்துக்கு ஒருமுறை ஒருவன் கவசம் போட்டுக்கொண்டு பறக்கிறான், உலகத்தைக் காப்பாற்றுகிறான், சரியாக அவன் கழுத்துக்குக் கத்தி வருகிற நேரத்தில் 'தொடரும்' என்று போட்டுவிடுகிறார்கள். வீட்டில் எல்லோரும் இது நேற்றுத்தான் உலகத்தில் முளைத்தது மாதிரி வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். ஐம்பதுகளிலேயே இந்தக் கூத்தையெல்லாம் கையில் மைக்கோடு நடத்தி முடித்தவன் நான் என்றால், "சும்மா இருங்கப்பா" என்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் சும்மா இருக்கச் சொல்ல முடியாது.

நாங்கள் துணி வெளுக்கிற குடும்பம். பட்டாளத்துக்காரர்களின் சட்டைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வரவழைத்த கூட்டத்தில் எங்கள் முன்னோரும் இருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பஜாருக்குப் பின்னால் பழைய அரிசிக் கிடங்கு ஒன்றில் சினிமாக் கொட்டகை நடந்தது. தகரக் கூரை, துணித் திரை. அந்தத் திரையை இறக்கி, வெளுத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, சுருக்கமில்லாமல் திரும்பக் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. அடிக்கடி வெளுக்க வேண்டியிருக்கும். வில்லன் முகம் பெரிதாக வரும்போதெல்லாம் தரை டிக்கெட்டுக்காரர்கள் வெற்றிலை எச்சிலைத் திரையிலேயே துப்புவார்கள். ஒரு படத்தின் வில்லன் எப்படிப்பட்டவன் என்பதை நாங்கள் படம் பார்க்காமலேயே துணியைப் பார்த்துச் சொல்லிவிடுவோம்.

கொட்டகை முதலாளி பாலக்காட்டிலிருந்து வந்த தமிழர். தேங்காயெண்ணெய் மில் வைத்திருந்தார், கொட்டகை அவருக்கு ஒரு பெருமைக்காகத்தான். இங்கிலீஷ் படம் போட்டால், திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று மைக்கில் கதை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஜனம் உட்காராது. அந்த வேலையை ஹைஸ்கூலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், மலையாளத்தில் மாஷ், ஒருவர் செய்துகொண்டிருந்தார். பி.ஏ. படிப்பு, நல்ல வேட்டி. படத்தில் ஒருவன் ஏதாவது சொன்னால் இவர் தாடையைத் தடவி, இலக்கணத்தை யோசித்து, சரியான மலையாள வார்த்தையைத் தேடி எடுப்பார். அவர் எடுத்துக் கொடுப்பதற்குள் படத்தில் அதைச் சொன்னவன் செத்திருப்பான்.

ஒருநாள் நல்ல மழை. தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்தில் மாஷ் சொன்னது மாஷுக்கே கேட்கவில்லை. பெஞ்சுக்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். திரையின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து முதலாளி சொன்னார்: "எடா, நீ சத்தம் போட்டுக் கதை பறயேன். வெளுக்கிற மைதானத்துல நீ கூப்பிட்டா பள்ளுருத்தி வரைக்கும் கேக்குமே."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே மொதலாளி."

"இங்க யாருக்குடா தெரியும்?"

மைக்கை வாங்கினேன். அன்றைக்கு வாங்கியதுதான். கோபமாக ஒருவன் கையை ஓங்கினால் என்ன சொல்வான் என்று தெரிந்துகொள்ள ஒருவன் பி.ஏ. படிக்க வேண்டுமா? வெள்ளைக்காரியின் கண் கலங்கினால் அவள் புருஷனைத்தானே திட்டுவாள்? பாதித் தமிழ், பாதி மலையாளம், மட்டாஞ்சேரியில் எல்லோரும் பேசுகிற மாதிரியே எல்லா நாட்டுக்காரர்களையும் பேசவைத்தேன். ஜனம் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தது, சிரிக்கக்கூடாத இடத்திலும் சிரித்தது. மாஷ் அன்றிலிருந்து நாற்காலி வரிசையில் உட்கார்ந்து என் தப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்தாரா தெரியவில்லை.

அப்போதுதான் அந்த சீரியல் வந்தது. இன்றைக்கு டிவியில் எபிசோட் என்கிறார்களே, அதேதான். பெரிய படத்துக்கு முன்னால், சனிக்கிழமை மத்தியான ஆட்டத்தில், வாரம் ஒரு துண்டு. துண்டுக்கு மலையாளத்தில் கண்டம் என்று பெயர், நோட்டீஸிலும் அப்படியே அடித்தார்கள். 'சனிக்கிழமைதோறும் ஒரு கண்டம்.' தமிழில் கண்டம் என்றால் உயிருக்கு ஆபத்து என்பது அச்சடித்தவனுக்குத் தெரியாது. ஆனாலும் பொருத்தமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வாரமும் கடைசியில் அந்தப் பறக்கும் ஆள் மலையிலிருந்து விழுவான், அல்லது கொதிக்கிற இரும்புக் கொப்பரைக்கு மேல் தொங்குவான். அடுத்த வாரம் அவனுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. போன வாரம் கண்ணால் பார்த்ததைப் பற்றி ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அவனுக்குத் தலையில் பித்தளைச் செம்பைக் கவிழ்த்தது மாதிரி ஒரு தொப்பி. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. இடுப்பில் ஒரு குமிழ், அதைத் திருகினால் பறப்பான். முதுகில் ஒரு போர்வை. அதை யார் வெளுத்தார்களோ, கஞ்சியே இல்லாமல் துவண்டு கிடந்தது. என் கையில் கிடைத்திருந்தால் இன்னும் உயரமாகப் பறந்திருப்பான். நான் அவனுக்கு ஆகாசச் சேட்டன் என்று பெயர் வைத்தேன், சேட்டன் என்றால் அங்கே அண்ணன். வில்லன் ஒரு மொட்டையன். பல்பு எரிகிற பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பூமியை அழிக்க உத்தரவு போடுவான். அவன் எங்கிருந்து வந்தான் என்று நான் சொன்னதே இல்லை. யாரும் கேட்கவில்லை. மொட்டையன் கெட்டவன், அது போதும்.

கடைசிக்கு முந்தின கண்டத்தில் அந்த மொட்டையனுக்குப் பின்னால் ஒரு படம் தெரிந்தது. உருண்டையாக ஒன்று, அதைச் சுற்றி ஒரு வளையம். நான் அவனை, "எடா சேட்டா, அடுத்த வாரம் நீ தீர்ந்தே" என்று பேச வைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலி வரிசையில் மாஷ் எழுந்து நின்றார்.

"நிறுத்து. இவன் பறயுந்நது எல்லாம் நுணயாணு, பொய்யாணு," என்றார் ஜனத்தைப் பார்த்து. "ஆ மொட்ட சாட்டர்னில் நிந்நு வந்நதாணு. சாட்டர்ன்னு வெச்சா சனி. சனிக் கிரகம். அவன் சனியிலெ ராஜாவாணு."

முன்வரிசையில் வாயில் எச்சிலோடு தயாராக இருந்த ஒரு மூட்டைக்காரர் அதை மெதுவாக விழுங்கினார்.

மறுநாள் காலை முதலாளி என்னை மில்லுக்குக் கூப்பிட்டனுப்பினார். கொப்பரை மூட்டைகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் அவர் மனைவி. எதிரில், எனக்கு முன்னாலேயே வந்து, மாஷ். முதலாளிக்கு அந்த வருஷம் கண்டகச்சனி நடந்துகொண்டிருந்தது. ஜாதகத்தில் சனி வரக்கூடாத வீட்டில் வந்து உட்காருவது. சனிக்கிழமை தவறாமல் சாஸ்தா கோயிலில் தேங்காய்மூடியில் நல்லெண்ணெய் ஊற்றித் திரி கொளுத்துவார். ஊருக்கெல்லாம் தேங்காயெண்ணெய் விற்கிறவர் சனிக்கு மட்டும் நல்லெண்ணெய் வெளியில் வாங்குகிறாரே என்று பஜாரில் சிரிப்பார்கள்.

அவர் கையில் நோட்டீஸ் இருந்தது. அதை என்னிடம் நீட்டினார். "படி."

"மொதலாளிக்குத் தெரியாதா, எனக்கு மலையாளம் படிக்க..."

"நான் படிக்கறேன். 'சனிக்கிழமை. கடைசிக் கண்டம்.' கீழ என் பேரு." நோட்டீஸை மடித்தார். "எடா, எனக்கு நடக்கறது கண்டகச்சனி. சனிக்கிழமை, சனி பகவான என் கொட்டகையில, என் திரையில, ஒரு போர்வை போட்டவன் மூக்குல குத்தப் போறான். அதுக்கு நான் டிக்கட் வேற விக்கறேன்."

"அப்ப போடவேண்டாம் மொதலாளி."

"போடாட்டி பெஞ்ச உடைப்பாங்க. இத்தன வாரமா பாத்த ஜனம், குத்தப் பாக்காமப் போகுமா?"

மாஷ் தொண்டையைச் செருமினார். "ஒரு வழியுண்டு. சனி எந்நு பறயண்டா. இங்கிலீஷில் சாட்டர்ன் எந்நு மாத்ரம் பறயாம். மைக் எனிக்குத் தந்நால் போதும்."

முதலாளி அவரைப் பார்த்தார். "சனிக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னா நெனைக்கறீங்க, மாஷே?"

பிறகு என் பக்கம் திரும்பி விஷயத்தைச் சொன்னார். கடைசிக் கண்டம் ஓடியாக வேண்டும். ஆனால் அந்த மொட்டையன் சனியிலிருந்து வரவில்லை, வேறு இன்ன இடத்திலிருந்துதான் வந்தான் என்று மைக்கில் உரக்கச் சொல்ல வேண்டும், மேலே இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி. அந்த இடம் எது என்று நான் கண்டுபிடித்தால் மைக் எனக்கு. இல்லாவிட்டால் மைக் மாஷுக்கு, நான் திரையோடு திரும்பத் துவைக்கிற கல்லுக்கு. எனக்கு அந்தக் கல்லைப் பிடிக்காமலில்லை. ஆனால் அது பேசினால் யாரும் கை தட்டுவதில்லை.

"செவ்வாய்னு சொல்லிடலாம்," என்றேன்.

முதலாளியின் மனைவி வாயைத் திறந்தது அப்போதுதான். "என் பொண்ணு ஜாதகத்துல செவ்வாய் இருக்கறது ஊருக்கே தெரியும். இப்பத்தான் ஓர் எடம் தெகஞ்சு வருது. செவ்வாய வேற உதைக்கணுமா?"

"புதன்?"

"பையன் பரீட்சை எழுதப் போறான்," என்றார் முதலாளி. "ஏற்கெனவே அவனுக்கும் புதனுக்கும் பேச்சுவார்த்தை கெடயாது."

வியாழன் குரு, குருவை அடிப்பதைப் பற்றிப் பேசுவதே பாவம் என்று இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுக்கிரன் என்றதும் முதலாளி கல்லாப்பெட்டியின் மேல் கையை வைத்து மூடினார். சூரியனைத் தொட்டால் கொப்பரை காயாது. சந்திரன் மனசுக்கு அதிபதி, "எனக்கு இப்பவே தூக்கமில்லடா" என்றார். ராகு, கேது என்று நான் ஆரம்பித்தபோது அவர் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மூட்டைகளுக்கு இடையில் பாம்பு இருக்கிறதா என்று பார்த்தார். ஆகாயத்தில் அடிப்பதற்கு ஆளே மிச்சமில்லை. அத்தனை பேரோடும் அந்தக் குடும்பத்துக்கு ஏதோ ஒரு வகையில் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

மாஷ் விடவில்லை. "யுரேனஸ் உண்டு, நெப்டியூன் உண்டு. புதுசாக் கண்டுபிடிச்சதாணு."

"அதுக்கு ஜாதகத்துல வீடு உண்டோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்ல."

"நம்ம ஜாதகத்துல குடியிருக்க ஒரு கட்டம்கூட இல்லாதவனப் போய் அடிச்சு என்ன பெருமை?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. படித்தவர்களுக்கு வில்லன் என்றால் என்னவென்று புரிவதில்லை. நமக்கு ஏதாவது கெடுதல் செய்திருந்தால்தான் அவன் வில்லன். நெப்டியூன் மட்டாஞ்சேரிக்கு என்ன செய்தது?

பேச்சு முடிந்தது மாதிரி முதலாளி எழுந்து சட்டையை மாட்டினார். அவருக்கு எர்ணாகுளம் கோர்ட்டில் ஒரு கிடங்கு வழக்கு, அதுவும் சனியைப் போலவே நகராமல் கிடந்தது. வாரம் முழுக்கக் காயல் தண்ணீரைத் தாண்டி அக்கரைக்குப் படகேறிப் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமையானால் வக்கீல் வீட்டுக்கு. அந்த அம்மா குடையை எடுத்துக் கொடுத்தபடி, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "அக்கரைக்குப் போய்ட்டு வந்தா மனுஷன் மனுஷனா வர்றதில்ல. ஒவ்வொரு தடவையும் சனி புடிச்சாப்பலதான் வர்றார். அங்க என்னதான் இருக்கோ."

நான் மாஷைப் பார்த்தேன். அவர் யுரேனஸை யோசித்துக்கொண்டிருந்தார். நல்லவேளை.

"மொதலாளி," என்றேன். "மைக்க யாருக்கும் குடுக்கவேண்டாம். எடம் கெடச்சாச்சு."

"எங்க?"

"சனிக்கிழமை சொல்றேன். கிரகம் இல்ல, சத்தியம்."

அந்தச் சனிக்கிழமை கொட்டகையில் இருந்த கூட்டத்தைப் பற்றி நான் சொன்னால் தற்பெருமை என்பார்கள். ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள் என்பதோடு விடுகிறேன். தரையில் மூட்டைக்காரர்கள், வஞ்சி என்கிற படகு தள்ளுகிற வஞ்சிக்காரர்கள். பெஞ்சில் மிளகுக் கடை குமாஸ்தாக்கள். எல்லோரும் வந்திருந்தார்கள், ஆனால் ஒருவர் முகத்திலும் உற்சாகமில்லை. சனியை அடிப்பதைப் பார்க்க ஆசையும் இருந்தது, பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயமும் இருந்தது. முன்வரிசையில் வெற்றிலையே மெல்லவில்லை, அதிலிருந்து தெரிந்துகொண்டேன். மாஷ் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முதலாளி கதவுக்கு வெளியே நின்று ஒரு காதை மட்டும் உள்ளே வைத்திருந்தார்.

விளக்கு அணைந்தது. மொட்டையன் வந்தான், பின்னால் அந்த வளையம் போட்ட உருண்டை. யாரோ முணுமுணுத்தார்கள், "சனி, சனி." நான் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மைதானத்தில் கூப்பிடுகிற குரலில் சொன்னேன்:

"நாட்டுக்காரே, கேட்டுக்கோங்க. இவன் ஒரு கிரகத்துலேருந்தும் வரல. இவன் அக்கரையிலேருந்து வந்தவன்."

கதவுக்கு வெளியிலிருந்து முதலாளி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அக்கரை என்றால் அவருக்கு வானத்துக்கு அந்தப் பக்கம், அதில் ஒரு கிரகத்தின் பெயரும் இல்லை. தரையிலிருந்து ஒரு வஞ்சிக்காரர் கேட்டார், "ஏது அக்கர, சேட்டா? எறணாகுளமோ?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததுதான் என் கெட்டிக்காரத்தனம்.

"அப்ப ஆ வட்டம்?" என்று இன்னொருவர் திரையைக் காட்டினார்.

"போட் ஜெட்டியில தொங்குதே டயரு, பாத்ததில்லயா?"

கொட்டகை சிரித்தது. அங்கே இருந்தவர்களில் அக்கரைக்குப் போய் அவமானப்படாதவன் ஒருத்தன் கிடையாது. கோர்ட்டு அங்கே, ஆபீசு அங்கே, முத்திரை அங்கே. துறைமுகம் நம்முடையது, மிளகு நம்முடையது, ஆனால் ஒரு காகிதத்தில் கையெழுத்து வேண்டுமென்றால் படகேறிப் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். மொட்டையன் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினான், வாயை அசைத்தான். நான் அவனைப் பேச வைத்தேன்: "ஆபீசர் இல்ல. நாளெ வா."

அவனுடைய வீரர்கள் வந்து வணங்கினார்கள். "நாளெ வா." பூமியில் பெரிய கட்டிடங்கள் இடிந்தன, ஜனம் ஓடியது, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கையைக் கூப்பிக் கெஞ்சினார். மொட்டையன் சிரித்தான். "நாளெ வா."

பெஞ்சில் ஒரு குமாஸ்தா எழுந்துவிட்டார். "இவனத்தான், இவனத்தான் கழிஞ்ச மாசம் நான் கண்டது." முன்வரிசையில் வெற்றிலைப் பொட்டலங்கள் அவிழ்கிற சத்தம் கேட்டது.

மாஷ் எழுந்தார். "இது தப்பாணு. அவன் பறயுந்நது, பூமியிலெ மனுஷ்யரே, கீழடங்ஙுக எந்நாணு..." மீதியை யாரும் கேட்கவில்லை. "இரி மாஷே," என்று ஒருவர் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "கேட்டு நிக்கறதெல்லாம் அங்க நிக்கறோம். இங்கயாவது அடியப் பாக்கறோம்."

ஆகாசச் சேட்டன் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். போர்வை இன்னும் துவண்டுதான் இருந்தது. மொட்டையனின் கழுத்துப்பட்டையைப் பிடித்தான். நான் அவனுக்கு ஒரே ஒரு வசனம்தான் கொடுத்தேன். "நாளைக்கு இல்லடா. இன்னிக்கு."

குத்து விழுந்தது. அப்படி ஒரு சத்தத்தை அந்தத் தகரக் கூரை மழையிடமிருந்துகூடக் கேட்டதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளியே உள்ளே வந்துவிட்டார். அவருக்கு எந்த அக்கரை என்று அதற்குள் புரிந்திருந்தது. தன் கிடங்கு வழக்கின் மூக்கில் விழுந்த குத்தாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். "ஒண்ணுகூடி, ஒண்ணுகூடிப் போடு," என்று ஆபரேட்டரைப் பார்த்துக் கத்தினார். ரீலைத் திருப்பி அந்தக் குத்தை மறுபடியும் போட்டார்கள். திரையை நான் மறுநாள் இறக்கியபோது அது வெள்ளைத் துணி என்று யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். என் வாழ்க்கையில் இத்தனை பெரிய பாராட்டுப் பத்திரத்தை நான் துவைத்ததில்லை.

மைக் என்னிடமே இருந்தது. முதலாளி அதைத் தன் கையால் துடைத்துக் கொடுத்தார். கண்டகச்சனி அவருக்கு அதற்கப்புறமும் இருந்தது, வழக்கும் இருந்தது. ஆனால் சனிக்கிழமை கோயிலில் திரி கொளுத்தும்போது, தனக்கும் பகவானுக்கும் நடுவில் இனி மனஸ்தாபம் ஒன்றுமில்லை என்பது போல நிமிர்ந்து நின்றார்.

இதற்குள் படகில் போகிறவர்கள் வாயில் விஷயம் எர்ணாகுளம் போய்விட்டது. அங்கே ஒரு கொட்டகையில் அதே சீரியலைப் போட்டார்கள். அவர்களுக்கும் என்னைப் போலக் குரலுள்ள ஆள் கிடைக்கவில்லை. கடைசிக் கண்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மட்டாஞ்சேரியில் எல்லோரும் போகாதே என்றார்கள். "அவங்க ஊர்க்காரன அடிச்சவன்டா நீ. அங்க போய் என்ன சொல்லுவே?"

நான் போனேன். மாஷும் அதே படகில் வந்தார், எனக்கு அடி விழுவதைப் பார்க்க. எர்ணாகுளம் கொட்டகையில் சிமெண்டுத் தரை, மின்விசிறி, கால்சட்டை போட்ட ஜனம். விளக்கு அணைந்தது. மொட்டையன் வந்தான். நான் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "இவன் ஒரு கிரகத்துலேருந்தும் வரல. இவன் அக்கரையிலேருந்து வந்தவன்."

அவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பி, காயலுக்கு அந்தப் பக்கம் மட்டாஞ்சேரி இருக்கிற திசையைப் பார்த்துச் சிரித்தார்கள். "நாளெ வா" என்றதும், சரக்கை வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற நம்முடைய மொத்த வியாபாரியை அந்த மொட்டைத் தலையில் அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. குத்து விழுந்தபோது அங்கேயும் இரண்டு தடவை போடச் சொன்னார்கள். துப்பவில்லை, படித்த ஊர்.

சாயங்காலப் படகில் மாஷ் என் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது, வேறு இடமில்லை. பாதிக் காயல் தாண்டினோம். காற்று ஏறிப் படகு கொஞ்சம் ஆடியது. பிறகு பொறுக்கமுடியாமல் சொன்னார்:

"எடோ, நீ எந்து பறஞ்ஞாலும் சரி. அவன் வந்நது சனியில் நிந்நாணு."

"மாஷே," என்றேன், மெதுவாக. "தண்ணி நடுவுல இருக்கோம். இன்னிக்குக் கிழமையும் அதுதான். அந்தப் பேர இங்க வெச்சா சத்தமாச் சொல்றீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் படகின் பலகையைப் பிடித்துக்கொண்டார். மட்டாஞ்சேரி ஜெட்டி வரும்வரை அந்தப் பி.ஏ. பிடியை விடவில்லை.